இறங்கித் தள்ளிய தூரம்

அமெரிக்காவை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை சைக்கிளில் கடப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது பின்சக்கரத்தைக் கடலில் நனைப்பார்கள். மறுகரை வந்து சேர்ந்ததும் முன்சக்கரத்தை நனைப்பார்கள். ஒரு நிமிடச் சடங்குதான். அந்த ஒரு நிமிடத்துக்கு என்ன மதிப்பு? அதை ஒரு பழைய பயணம் சொல்லும்.

1884 ஏப்ரலில், மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் கிளம்பினார். அவருடைய சைக்கிளின் முன்சக்கரம் 50 அங்குலம். ஏறக்குறைய ஆள் மார்பளவு. செயின் கிடையாது, பெடல் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். ட்யூபும் கிடையாது, கெட்டி ரப்பர்தான். வழியில் ஒரு கல் தடுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மூட்டையில் காலுறை, ஒரு மாற்றுச் சட்டை. கூடாரத்துக்கும் படுக்கைக்கும் சேர்த்து ஒரே மழைக்கோட்டு.

சியரா நெவாடா மலையில் தண்டவாளத்தைப் பனி மூடாமலிருக்க ரயில்காரர்கள் நீளநீளமாக மரக்கொட்டகை போட்டிருந்தார்கள். அந்த இருட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஆகஸ்ட் 4 அன்று கிழக்குக் கரையில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். சுமார் 3,700 மைல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடைதான்!

அப்படியானால் அது சைக்கிள் பயணமா என்று கேட்கத் தோன்றும். ஒப்பிட்டுப் பாருங்கள்: 1982இல் நான்கு பேர் இதே நாட்டைப் போட்டி போட்டுக் கடந்தார்கள். முதலில் வந்த லான் ஹால்டிமனுக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. உடம்பின் எல்லையைக் காட்டிய சாதனை அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குத் தார்ச்சாலை இருந்தது. ஸ்டீவன்ஸுக்குச் சாலையே பல இடங்களில் துணை வரவில்லை. மிதிக்க முடியாத இடத்திலும் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறவில்லை என்பதுதான் அவருடைய வித்தை.

தார்ச்சாலை வந்த பிறகும் இறங்கித் தள்ளுவது ஓயவில்லை. 1976இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டையொட்டி, ஆரிகனிலிருந்து வர்ஜீனியாவின் யார்க்டவுன்வரை நாலாயிரம் மைலுக்கு மேல் ஒரு சைக்கிள் வழியை வகுத்தார்கள். இன்றும் அதில் சாதாரண மனிதர்கள் போகிறார்கள். கொலராடோவில் 11,500 அடிக்கு மேல் ஒரு கணவாய். கன்சாஸில் நாள் முழுக்க எதிர்காற்று. கென்டக்கியில் துரத்தும் நாய்கள். ராக்கி மலையைத் தாண்டியவர்களையும் கிழக்கே அப்பலாச்சியன் மேடுகள் இறங்கித் தள்ள வைத்துவிடும்.

இறங்குவதை நாம் தோல்வி என்று எண்ணுகிறோம். நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் அது பாதி வித்தை. எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் மறுகரையைப் பார்க்கிறார்.

முன்சக்கரத்தைக் கடலில் நனைக்கும் அந்தக் கடைசி நிமிடத்தையும் பாருங்கள். மணலில் சைக்கிள் ஓடாது. ஒரு கண்டத்தையே மிதித்து வந்தவரும், தண்ணீர்வரைக்கும் அதை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.