அமுதசுரபியும் ஆனித் திருவிழாவும்



ஆனி மாதம் சோளகக் காற்று கடலைக் கலக்கும் காலம். தீவுப்பகுதிக் கிணறுகளில் நீர் கீழிறங்கி, எஞ்சியதும் உவர்த்துக் கிடக்கும். இந்தக் கோடையிலேதான் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறுகிறது. ஆனிப் பூரணையையொட்டித் தீர்த்தம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலே வெயிலில் வரிசையாய் நின்று, வள்ளம் ஏறி, அலை நனைக்க அக்கரை சேர்கிறார்கள் அடியார்கள். காவடியும் தேரும் எல்லாத் திருவிழாக்களிலும் உண்டு. தமிழ் படித்தவனை நிற்கவைப்பது இங்குள்ள அன்னதான மண்டபத்தின் பெயர்: அமுதசுரபி.

மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கை இன்று தீர்க்க வேண்டியதில்லை. அந்தப் பாத்திரம் எப்படி அங்கே போயிற்று என்பதை மட்டும் நினைத்துப் பார்ப்போம். சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேட்டு, அமுதசுரபியோடு கப்பலேறுகிறான் ஆபுத்திரன். காற்றுக்கு அஞ்சிக் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. கரையில் இறங்கிய அவன் மீண்டும் ஏறிவிட்டான் என்று எண்ணி இரவோடிரவாகக் கப்பல் போய்விடுகிறது. கையிலே அள்ள அள்ளக் குறையாத சோறு. உண்ண வைக்க ஓர் உயிர் இல்லை. தனக்கென்று மட்டும் அதை வைத்திருக்க மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான். மணிமேகலை அதைப் பெறுவது பின்னர், ஒரு வைகாசிப் பூரணையில். அதே பூரணையைத்தான் இத்தீவின் நாகவிகாரையில் வெசாக் என்று கொண்டாடுகிறார்கள்.

காப்பியத்தில் மணிமேகலையின் அறத்தைப் போற்றுகிறோம். ஆபுத்திரனின் தனிமையை விரைந்து கடந்துவிடுகிறோம். தீவார் அப்படிக் கடக்க முடியாது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, ஊர்களிலே அடுப்பு இருந்தது, உண்பார் இல்லை. போனவர்களிற் பலர் திரும்பவில்லை. அவர்களின் பிள்ளைகள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள்.

அவர்களை மீளக் கூட்டிவருவது இந்தத் திருவிழா. அரிசி, காய்கறி எல்லாம் கடல் கடந்தே வரவேண்டும். அண்டா அண்டாவாகச் சோறு வேகும். ஏழை, பணக்காரர், ஊரார், அயலார் எல்லாரும் ஒரே பந்தியில் இருப்பார்கள். கோயிலிலுள்ள பராக்கிரமபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டாரைக் காக்கவேண்டும் என்கிறது. வந்தாரைப் பேணும் வழக்கு இங்கே அவ்வளவு பழையது.

தீர்த்தம் முடிந்த மறுவாரம் போனால் வள்ளத்தில் இடம் தாராளமாயிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து திறந்த வீடுகள் மறுபடி பூட்டிக் கிடக்கும். “பிள்ளையள் வந்தினம், ஒரு கிழமை வீடு வீடாய் இருந்தது. இப்ப எனக்கெண்டு உலை வைக்க மனம் வருகுதில்லை,” என்றார் அங்குள்ள ஆச்சி ஒருவர். அவர் மணிமேகலை படித்தவரல்லர்.