ஆட்டிசம்: பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள்!

(மருத்துவ அணி நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பொம்மை வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தாய்க்குச் சந்தேகம் வருகிறது. பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான். அவன் வாப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்!" இந்த ஒரு பேச்சிலேயே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. பயிற்சிக்கு மிகவும் ஏற்ற வருடங்கள் அவை.

தாய் குற்றவாளியா?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். அதன்பின் பல வருடங்கள், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று மேல்நாட்டு மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று நிரூபணமாகிவிட்டது. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் நம் வீடுகளில் அந்தப் பழைய பழி இன்னும் சாகவில்லை. "நீ கவனிக்கவில்லை, கையில் செல்போனைக் கொடுத்துவிட்டாய்" என்று மருமகளைக் குத்துகிறோம். புருஷன் வெளிநாட்டில்; இவள் தனியாக அழுகிறாள்.

தடுப்பூசியால் வந்தது என்பதும் பொய். 1998-ல் அப்படி வந்த ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றது. எழுதிய மருத்துவர் அதே ஆண்டில் மருத்துவப் பதிவையும் இழந்தார். ஆட்டிசத்துக்குப் பயந்து அம்மை ஊசியைத் தவிர்த்தால், அம்மைதான் வரும்.

எங்கே போவது?

முதலில் காது பரிசோதனை. கேட்காத பிள்ளையும் திரும்பிப் பார்க்காது அல்லவா? அடுத்து, குழந்தை நல மருத்துவர். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

சிகிச்சை என்றால் என்ன? பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்யவைக்கும் ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி. பிள்ளைக்கு எது தேவையோ அது. வாரத்தில் ஒரு மணி நேரம் மையத்தில் செய்வது போதாது. பல் துலக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அதையே வீட்டில் தொடர வேண்டும். ஆகவே, "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். பெற்றோரைப் பயிற்றுவிக்க உலக சுகாதார நிறுவனமே ஒரு திட்டம் வகுத்திருக்கிறது.

ஆட்டிசத்தை நீக்கும் மாத்திரை கிடையாது. வலிப்பு, தூக்கமின்மை, தன்னையே அடித்துக்கொள்ளும் மூர்க்கம் போன்றவற்றுக்கு மருத்துவர் மருந்து தரலாம். அவர் சொல்லாமல் ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

ஏமாறாதீர்கள்!

பெற்றோரின் கண்ணீரைக் காசாக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. தாயத்து, தகடு என்று ஒரு பக்கம். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கறப்பது மறுபக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே பயன்படுத்தலாம். உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் 'கீலேஷன்' சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இறந்தே போனான். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தை இவர்களிடம் கொட்டாதீர்கள்! "குணமாக்கிவிடுவேன்" என்று உத்தரவாதம் தருபவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழ் அவமானமா?

"சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்காளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தால் இழப்பது யார்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் சிறு தொகை கட்டிச் சேர்ந்தால், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் அடங்கும். சான்றிதழ் இல்லாமல் இவை எதுவும் கைக்கு வராது.

இரவில் தூக்கம் வராமல் பெற்றோர் நினைப்பது ஒன்றுதான்: "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவருக்குச் சட்டபூர்வப் பாதுகாவலரை மாவட்ட அளவிலான குழு நியமிக்கலாம். நாம் உயிரோடு இருக்கும்போதே அந்த ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் மஹல்லாவில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கணக்கெடுங்கள். சான்றிதழ் முகாமுக்கு அழைத்துச் செல்ல ஆள் அனுப்புங்கள். தெரபிக்குப் போய்வர ஆட்டோ வாடகை கொடுக்க முடியாத ஏழைக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் தாயை முறைக்காதீர்கள்; சத்தமில்லாத ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். நம் அணித் தோழர்கள் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் போகும்போது பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.