ஃபிட்லர் போகாத மலை

இன்னிக்கு ஒரே ஒரு வரைபடத்தைப் பத்திதான் பேசப்போறேன்.

ஐரோப்பாவில் பீவர் தோல் தொப்பிக்கு அவ்வளவு கிராக்கி இருந்த காலம் அது. தோல் தேடி ஹட்சன் பே கம்பெனி கனடாவுக்குள்ள ரொம்ப தூரம் வந்திருந்தது. 1800-ல் அதோட சர்வேயர் பீட்டர் ஃபிட்லர், ரெட் டீர் ஆறும் தெற்கு சஸ்காட்செவன் ஆறும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், புல்வெளி நடுவுல, ஒரு வியாபாரக் கோட்டை கட்டினார். பேரு செஸ்டர்ஃபீல்ட் ஹவுஸ்.

தெற்கே என்ன இருக்கு? கம்பெனிக்குத் தெரியாது. பிளாக்ஃபுட் தலைவர் அக்கோமொக்கிக்குத் தெரியும். 1801 பிப்ரவரி 7-ம் தேதி அவர் ஒரு படம் வரைஞ்சு கொடுத்தார். மேல்பக்கம் மேற்கு. குறுக்கே ரெட்டைக் கோடு, அதுதான் ராக்கி மலைத்தொடர். அதிலிருந்து இறங்கி மிசௌரியில் கலக்கிற ஆறுகள். எந்தக் கூட்டம் எங்கே இருக்கு, அவங்களுக்கு எத்தனை கூடாரம், எல்லாமே இருக்கு. பயணம் போறவனுக்கு என்ன வேணுமோ அதெல்லாம்!

ஃபிட்லர் அதைப் பிரதி எடுத்து, வரைஞ்சது அக்கோமொக்கின்னு தெளிவா எழுதி வெச்சார். எனக்கு அவர்மேல மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

தகவல் லண்டன் போச்சு. வரைபடம் தயாரிக்கிற ஆரன் ஆரோஸ்மித், 1802-ல் தன்னோட வட அமெரிக்க வரைபடத்தில் அதைச் சேர்த்தார். அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் மேற்கே கிளம்பினப்போ, அவங்க நம்பின வரைபடங்களில் இதுவும் ஒண்ணு.

1805 ஜூன். இன்றைய மொன்டானாவில், மிசௌரி ரெண்டாப் பிரியுது. எது உண்மையான மிசௌரின்னு லூயிஸுக்குக் குழப்பம். எரிச்சலில் டைரியில் எழுதுறார்: ஃபிட்லர் சொல்றது உண்மைதானா, இல்ல அவர் கருவிகள்தான் சரியில்லையா? ஆரோஸ்மித் வரைபடத்தில் 'பல்'னு ஒரு மலை இருக்கு, அதை ஃபிட்லர் கண்டுபிடிச்சதா சொல்றாங்களேன்னு சந்தேகப்படுறார்.

ஆனா ஃபிட்லர் அந்தப் பக்கம் போனதே இல்லை. எந்தக் கருவியும் அங்கே அளக்கவும் இல்லை. அக்கோமொக்கி பேரு நாலே வருஷத்தில் காணாமப் போயிருந்தது. திட்டு வாங்கினதும் ஃபிட்லர்தான், கண்டுபிடிச்சவர்னு பேர் வாங்கினதும் அவர்தான்.

அந்தப் பிரதி இப்போ வின்னிபெக்கில், கம்பெனியோட ஆவணக் காப்பகத்தில் இருக்கு. அக்கோமொக்கி பேரும் அதிலேயே இருக்கு.