வாசற்கோலமும் வரையும் பழக்கமும்



வீட்டில் நாள்தோறும் அமைதியாக வரையும் பழக்கம் என்றதும் வண்ணப்பெட்டியும் வரைதாளும் ஓவிய வகுப்புமே பலருக்கு நினைவில் எழும். அப்பழக்கம் நம் வாசற்படியில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அதை நாம் ஓவியம் என்று அழைக்கவில்லை, கோலம் என்றோம்.

மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். பிரட்டுக்குப் போகுமுன் இருட்டிலேயே எழுந்து, வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, என் தாயார் கோலமிடுவார். அதற்கு அவருக்குக் கிடைத்த நேரம் பத்து நிமிடமே. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் யாருடனும் பேசமாட்டார். விடிந்தபின் எங்கள் கால்களே அக்கோலத்தை அழித்துவிடும். மறுநாள் புதிதாக ஒன்று பிறக்கும். குறித்த வேளை, குறித்த இடம், சிறிய அளவு, அழிவதைப் பற்றிய கவலையின்மை ஆகிய நான்குமே அப்பழக்கத்தை அவரிடம் நிலைபெறச் செய்தன என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தேன்.

இன்னொன்றும் உண்டு. சிக்குக்கோலத்துக்கு விதிகள் உள்ளன. முதலில் புள்ளிகளை வைக்கவேண்டும். கோடு புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றிச் செல்லவேண்டும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியவேண்டும். சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வடிவங்களை ஆக்கும் இவ்வியல்பு மொழிக்கும் உரியதன்றோ? சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். வாக்கிய அமைப்பை விளக்க நோம் சோம்ஸ்கி 1950-களில் வகுத்த முறைசார் இலக்கணத்தின் வழியில், கோலங்களை ஆக்கும் இலக்கணத்தை அவர்கள் அதில் வகுத்துக் காட்டினர். கணினியியலார் இன்றும் எடுத்துப் பேசும் ஆய்வு அது.

அக்கட்டுரையை நான் படித்தபோது என் தாயார் உயிருடன் இருந்தார். அப்போதும் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பிறருடைய சொற்களைத் திரட்டிய நான், என் வீட்டு வாசலில் வழங்கிய சொற்களைத் திரட்டாமல் விட்டுவிட்டேன். நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி, இழை, சிக்கு, நெளி என்பவை நினைவில் உள்ளன. கோட்டை மடக்கித் திருப்பும் இடத்திற்கு அவர் ஒரு சொல் வைத்திருந்தார். அச்சொல் அவருடனேயே போயிற்று. எந்த அகராதியைப் புரட்டியும் எனக்கு அது கிட்டவில்லை. ‘ஆண்பிள்ளைக்குக் கோலம் எதற்கு?’ என்று அன்று சொன்னவர்களை நானும் நம்பினேன்; அதற்கு நான் கொடுத்த விலை இது.

பணி ஓய்வுக்குப் பிறகு நானே வரையத் தொடங்கினேன். வாசலில் அன்று, கட்டமிட்ட குறிப்பேட்டில். நீங்களும் இன்றே தொடங்கலாம். நடுவில் ஒரு புள்ளி. அதன் மேலும் கீழும் இடமும் வலமும் ஒவ்வொன்று. ‘நேர்ப்புள்ளி 3, 1 வரை’ என்பது இதுவே. மொத்தம் ஐந்து புள்ளிகள். நடுப்புள்ளிக்கும் மற்ற நான்கிற்கும் இடையிலுள்ள நான்கு இடங்களிலும் கோடு தன்னையே வெட்டிச் செல்லுமாறு வளைத்துப் பாருங்கள். ஒரே இழை ஐந்தையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்திற்கே திரும்பும். இது கைவந்தபின் ‘இடைப்புள்ளி 5, 3 வரை’ செல்லலாம். 3, 4, 5, 4, 3 என்று 19 புள்ளிகள்.

தொடக்கத்தில் என் கோடு பலமுறை வழிதவறியது. அழிப்பானைத் தேடியதில் அமைதிதான் கெட்டது. இப்போது தவறிய கோலத்தை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பக்கத்தைத் திருப்புகிறேன். காலைத் தேநீருக்கு முன் ஒன்று. அதற்கு மேல் இல்லை. ஒருநாள் விடுபட்டால் அடுத்த நாள் இரண்டாக வரைவதும் இல்லை. கடன் தீர்ப்பதுபோல் செய்யும் எதுவும் பழக்கமாக நிலைப்பதில்லை.

தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் அமையும் பெருங்கோலங்களைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அது விழாவின் அழகு. ஆனால் ஆண்டுக்கொருமுறை காண்பது நம் கைக்குப் பழக்கமாகாது. வாசல் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் ஒரு குறிப்பேட்டுக்கு இடம் உண்டு. கிளேபாங் கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மணலே போதும். ஐந்து புள்ளி வைக்க ஒரு விரல் போதும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாணவரைக் கோலம் வரைந்து வரச் சொல்லுங்கள், மதிப்பெண் வேண்டாம். அவ்வாறு வரையும்போது பாட்டியோ அம்மாவோ அத்தையோ சொல்லும் சொற்களையும் அப்பக்கத்தின் ஓரத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். நான் தொலைத்த சொல் இன்னும் ஏதோவொரு வீட்டில் வழங்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் மாணவர் ஒருவர் அதை எழுதிக் கொண்டுவந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.