ஐயாயிரம் சங்கம் அறுநூறு ஆன கதை
(வானொலி உரை)

நம்ம ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தைப் பக்கத்து ஊர்ச் சங்கத்தோட சேர்க்கப் போறாங்க என்றால் முதலில் என்ன கேட்போம்? "ஆபீஸ் எந்த ஊர்ல இருக்கும்?" என்றுதானே! ஜப்பான் நாட்டில் மரம் வளர்ப்போர் சங்கங்களை இப்படிச் சேர்ப்பது அறுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

ஜப்பானில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடு. அதில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தம், நம்ம பட்டா நிலம் மாதிரி. பெரும்பாலோருக்கு ஐந்து ஹெக்டேருக்குள்தான், அதாவது பன்னிரண்டரை ஏக்கருக்குள். அதுவும் செங்குத்தான மலைச்சரிவு. தனி ஆள் பாதை போடவும் முடியாது, மரத்தைக் கீழே இறக்கவும் முடியாது. அதனால் 1951-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டப்படி ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1950-களில் ஐயாயிரத்தை ஒட்டி இருந்த சங்கங்கள் 2020-ல் 613.

போர் முடிந்ததும் மொட்டையாய்க் கிடந்த மலைகளில் சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்களை நட்டார்கள். சவுக்கு என்றால் நாலைந்து வருஷத்தில் வெட்டிப் பணம் பார்த்துடலாம். சுகிக்கு நாற்பது, ஐம்பது வருஷம் வேணும். அதுவரைக்கும் களையெடுப்பு, கவாத்து, நெருக்கமான மரத்தைக் கலைத்து எடுப்பது என்று செலவுதான். நட்ட கன்று ஆளாவதற்குள், 1964-ல் வெளிநாட்டு மரம் தடையில்லாமல் வர ஆரம்பித்தது. பிள்ளைகள் ஒசாகா, டோக்கியோ தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். சின்னச் சங்கத்தால் ஒரு முழுநேர எழுத்தருக்குச் சம்பளம் கொடுப்பதே பாடு. சங்கங்கள் இணைவதற்கு உதவ 1963-லேயே தனிச் சட்டம் போட்டார்கள்.

அப்புறம் விலை. காட்டில் நிற்கும் சுகிக்கு 1980-ல் ஒரு கனமீட்டருக்கு 22,000 யென்னுக்கு மேல் கிடைத்தது. 2020-ல் 3,000 யென்கூட இல்லை. மரம் முற்றியபோது விலை இல்லை. இந்த வயிற்றெரிச்சல் நமக்கும் புதுசில்லையே.

ஆனால் எல்லா வட்டாரத்திலும் காரணம் ஒன்றல்ல. தெற்கே மியாசாகியில் வெயிலும் மழையும் தாராளம்; சுகி வேகமாக வளரும். சுகிக் கட்டை உற்பத்தியில் 1991 முதல் அதுதான் முதலிடம். பெரிய அறுவை ஆலைக்கு வருஷம் முழுக்க லோடு தப்பாமல் போகணும், ஒரு ஊர்ச் சங்கத்தால் ஆகுமா? அங்கே மிமி ஆற்றை ஒட்டிய ஊர்கள் பல சேர்ந்து ஒரே சங்கமாகிவிட்டன. மேற்குக் கடற்கரையிலோ கதை வேறு. கடும்பனி கன்றுகளை அமுக்கிச் சாய்த்துவிடும். பனி உருகியதும் ஒவ்வொன்றாய் நிமிர்த்திக் கட்டணும். வேலை நாளும் குறைவு, கிராமத்தில் ஆளும் குறைவு. அங்கே சேர்வது பெருகுவதற்காக அல்ல, தாக்குப்பிடிப்பதற்காக என்றே எனக்குப் படுகிறது. இதோடு ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் சேர்த்தார்கள். 1999-ல் 3,232 இருந்தது 2010-ல் 1,727 ஆனது. ஊராட்சியே போனபின் ஊர்ச் சங்கம் மட்டும் தனியாய் நிற்குமா?

சேர்ந்ததில் லாபம் உண்டு. இயந்திரம் வந்தது, கூலியாட்களுக்கு மாதச் சம்பளமும் காப்பீடும் கொடுக்க வழி பிறந்தது. நஷ்டமும் உண்டு. எது யார் காடு, எந்தப் பாறையில் எல்லை திரும்புது என்பதெல்லாம் ஊர்ச் சங்கத்துக் கிழவர்கள் மனசில் இருந்த கணக்கு. மலைக்காடுகளில் நில அளவை 2020-ல்கூடப் பாதி முடியவில்லை. எல்லை தெரியாவிட்டால் ஒரு மரத்தில்கூடக் கைவைக்க முடியாது. பட்டணத்து வாரிசுக்குத் தன் காடு எந்தச் சரிவில் இருக்குதென்றே தெரியாது.

2020-ல் சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். முழுசாகச் சேராமல், மர விற்பனையை மட்டும் பிரித்து இன்னொரு சங்கத்தோடு இணைக்கலாம். காடு பார்க்கிற வேலை உள்ளூரிலேயே இருக்கலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே, பின்னால் வாரிசாகப் போகும் மகனும் மகளும் சங்கத்தில் உறுப்பினராகலாம். அந்தத் திருத்தம் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எல்லைக்கல் இருக்கும் இடத்தை அப்பாவோடு நடந்துபோய்ப் பார்த்துவர இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.