ஐக்கிதோவும் யப்பானியச் சொற்களும்



மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவழியில், தான்தோன்றீசுவரர் திருக்கோயிலாற் சிறப்புற்று விளங்குவது எங்கள் ஊராகிய ஒட்டுசுட்டான். இப்பெயரை முதன்முறை கேட்கும் வெளியூரார்க்கு இது நாவுக்கு அடங்காத ஓர் ஒலிக்கூட்டமாகவே தோன்றும். ஆயின், குரக்கன் அறுத்தபின் நின்ற ஒட்டைச் சுட்ட இடத்தில் இறைவன் திருமேனி வெளிப்பட்டதென வழங்கும் கதையைக் கூறி, ஒட்டு என்றும் சுட்டான் என்றும் பிரித்துக் காட்டினால், அவர் பின்னர் இப்பெயரை மறப்பதில்லை. பொருள் தெரியாத சொல் நாவில் நின்றுவிடும். பிரித்தறிந்த சொல்லோ மனத்திற் பதியும். ஆசிரியத் தொழிலில் நான் நாள்தோறும் கண்டுவரும் உண்மை இது. இவ்வுண்மையைத் துணைக்கொண்டே, நமக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

கடல்கடந்து வாழும் என் பழைய மாணாக்கன் ஒருவன் அண்மையில் எனக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தான். ஐக்கிடோ என்னும் யப்பானியத் தற்காப்புக் கலையை அவன் பயின்று வருகின்றான். அங்கே பிடிகளும் எறிதல்களும் யப்பானிய மொழியிலேயே பெயர் கூறப்படுகின்றன. "பட்டியலை மனனம் செய்தேன், ஐயா. களத்தில் இறங்கினால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. இவற்றையெல்லாம் தமிழாக்கிக் கொண்டால் என்ன?" என்று அவன் கேட்டிருந்தான். எங்கள் நாட்டுப் பாடசாலைகளிற் கராத்தே பயிலும் பிள்ளைகளுக்கும் இவ்வினா உரியதே. ஆதலின் அவனுக்கு எழுதிய விடையை உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதற்கண் இக்கலை யாதென அறிவோம். இதனை வகுத்தவர் மொரிஹெய் உவெஷிபா என்பவர். 1883ஆம் ஆண்டில் யப்பானின் தனபெ என்னும் ஊரிற் பிறந்து, 1969ஆம் ஆண்டில் மறைந்தார். தக்கெதா சொகக்கு என்பாரிடம் பழைய மற்கலையொன்றைக் கற்று, அதனைத் தம் சமயச் சிந்தனையால் மாற்றியமைத்தார். ஐக்கிடோ என்னும் பெயர் 1942ஆம் ஆண்டளவில் நிலைபெற்றது. 'ஐ' என்றால் இணைதல். 'கி' என்றால் உயிர்ப்பாற்றல். 'தோ' என்றால் நெறி. எதிரியின் விசையை எதிர்த்து நில்லாது, அதனோடு இணைந்து திருப்பிவிடும் நெறி என்பது பெயரிலேயே அடங்கியுள்ளது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 'டோ' என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தின் வழியாக வந்த வழக்கு. நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் டகரம் யப்பானிய மொழியில் இல்லை. அவர்கள் அவ்வெழுத்தை ஒலிக்கும்போது நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடுகின்றது. நம்முடைய தகரமும் ஏறக்குறைய அவ்வாறே பிறக்கின்றது. 'சந்தோசம்' என்னும் சொல்லின் நடுவே வரும் 'தோ'வை ஒலித்துப் பாருங்கள். அதுவே யப்பானியரின் ஒலிக்கு அண்மையானது. ஆகவே இனி ஐக்கிதோ என்றே கூறுவேன். பயிற்சிக் கூடத்தின் பெயரும் டோஜோ அன்று, தோஜோ ஆகும். 'நெறி பயிலும் இடம்' என்பது அதன் பொருள். புத்தர் மெய்ஞ்ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லுக்கு ஈடாகச் சீன மொழியில் வழங்கி, பின்னர் யப்பானுக்குச் சென்ற சொல் அது.

தமிழ்ச் செவிக்கு இம்மொழியில் வேறு வசதிகளும் உண்டு. குறில், நெடில் வேறுபாடு அவர்களிடமும் பொருளை மாற்றும். 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது சிற்றன்னை; 'ஒபாசன்' என்று நீட்டினால் பாட்டி. பல்லையும் பாலையும் பிரித்தறியும் பிள்ளைக்கு இது புதிதன்று. அவர்களுடைய அசையெழுத்துகளின் வரிசையும் நமக்கு வியப்பூட்டும். உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என வருகின்றன. பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் முறை. அங்குள்ள ஹகரம் முற்காலத்திற் பகரமாய் ஒலித்ததென்பர் மொழியறிஞர். அவ்வாறாயின், நம் நெடுங்கணக்கில் அவர்களிடம் இல்லாத எழுத்துகளை நீக்கினால் எஞ்சும் வரிசை அதுவே. பௌத்தத் துறவியர் இந்திய எழுத்திலக்கணத்தைக் கற்றதன் பயனாக இம்முறை அங்கே அமைந்தது.

வசதி உண்டெனினும் வழுக்கும் இடங்களும் உண்டு. 'சன்' என்றால் மூன்று. 'கியோ' என்றால் பாடம். மூன்றாம் பாடமாகிய பிடியை 'சன்கியோ' என்பர். மெல்லெழுத்தின்பின் வரும் ககரத்தை மென்மையாக்குவது தமிழ் நாவின் இயல்பு. 'தங்கம்' என்னும்போது அதனைக் காணலாம். யப்பானியரோ இங்கே ககரத்தை வல்லென்றே ஒலிப்பர். 'இக்கியோ' என்னும் முதற் பாடத்திலே ககரம் உண்மையில் இரட்டித்தது. 'நிக்கியோ' என்னும் இரண்டாம் பாடத்திலே அது ஒற்றையே. நம் எழுத்தில் இரண்டையும் ஒன்றுபோலவே எழுத நேர்கின்றது. ஆகவே எழுத்தை மட்டும் நம்பாது, ஆசிரியரின் வாயொலியைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும்.

இனிப் புணர்ச்சிக்கு வருவோம். 'கயெஷி' என்றால் திருப்புதல். மணிக்கட்டைத் திருப்பி வீழ்த்தும் முறைக்குக் 'கொத்தெகயெஷி' என்று பெயர். தனித்து நிற்கும்போது வல்லென்று ஒலித்த ககரம், மற்றொரு சொல்லோடு சேர்ந்தவுடன் மெலிந்து ஒலிக்கின்றது. 'தொரி' என்னும் பிடித்தற்சொல் 'கத்தத்தெதொரி' என்னும் இடத்தும், 'கத்தன' என்னும் வாட்பெயர் 'தெகத்தன' என்னும் இடத்தும் இவ்வாறே மெலிகின்றன. பிற மொழியார்க்கு இது பெருந்தொல்லை. நமக்கோ வழித்துணையாக ஊர்ப்பெயர்களே நிற்கின்றன. குளம் என்று தனியே சொல்லுங்கள். பின்னர் மாங்குளம் என்று சொல்லுங்கள். கேணி என்று சொல்லுங்கள். பின்னர் நெடுங்கேணி என்று சொல்லுங்கள். முதலில் வல்லென்று நின்ற ககரம், சேர்ந்தவிடத்து மெலிந்துவிட்டதன்றோ? நம்மிடத்தில் மெல்லெழுத்துத் தோன்றி அதனைச் செய்கின்றது. அவர்களிடத்தில் அவ்வெழுத்தின்றியே நிகழ்கின்றது. காரணம் வேறாயினும் செவிக்குப் புலப்படும் மாற்றம் ஒன்றே. எண்ணுப்பெயர்களிலும் இவ்வாறே. 'இச்சி' என்னும் ஒன்று, 'கியோ'வோடு சேர்ந்து 'இக்கியோ' ஆகின்றது. மூன்றும் நூறும் சேர்ந்து முந்நூறு ஆவதை அறிந்த மாணாக்கன் இதற்கு மலைக்க வேண்டியதில்லை.

அடுத்துச் செய்யவேண்டியது பகுதிகளைப் பற்றிக்கொள்ளுதல். பட்டியலில் உள்ள சொற்களைத் தனித்தனியே மனனம் செய்வது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போன்றது. 'மி' என்றால் உடல் என்பதை ஒருமுறை அறிந்துகொள்ளுங்கள். 'ஹன்மி' என்பது பாதியுடல். அஃதாவது பக்கவாட்டில் நிற்கும் நிலை. 'இரிமி' என்பது உடலோடு உட்புகுதல். 'உக்கெமி' என்பது உடலால் ஏற்றல். ஒரு பகுதி மூன்று சொற்களின் கதவைத் திறந்துவிட்டது. 'தெ' என்றால் கை. கராத்தே என்பதில் அது உண்டு. ஒரு கை எனப் பொருள்படும் 'கத்தத்தெ'யில் உண்டு. கையையே வாளாகக் கொள்ளும் 'தெகத்தன'விலும் உண்டு.

சொல்லடுக்கும் முறையும் நம்முடையதே. 'கத்தத்தெதொரி ஷிஹோநகெ' என்று ஆசிரியர் கூறுகின்றார். 'ஷி' நான்கு, 'ஹோ' திசை, 'நகெ' எறிதல். அந்நெடுந்தொடரை இருந்தவாறே மாற்றினால் 'ஒருகைப்பிடி, நாற்றிசை எறி' என வருகின்றது. ஒரு சொல்லும் இடம் பெயரவில்லை. முதலில் எதிரி செய்வது. பின்னர் நாம் செய்வது. இம்முறையை உணர்ந்தவன், முன்பு கேளாத பெயரைக் கேட்டாலும் என்ன செய்யவேண்டும் என்பதை ஓரளவு ஊகித்துவிடுவான்.

ஆயினும் ஒலியொப்புமையைக் கண்டு மயங்கலாகாது. தலையின் உச்சிமேல் ஓங்கி அடிப்பதற்கு 'ஷோமென்உச்சி' என்று பெயர். நம் பிள்ளை, 'உச்சி' என்பது தமிழ் உச்சியே என்று துள்ளுவான். அங்கே 'உச்சி' என்றால் அடித்தல். 'ஷோமென்' என்பதே முன்பக்கம். தலையின் பக்கவாட்டில் அடிப்பதும் 'யொக்கொமென்உச்சி'தான். நன்றி கூறும் 'அரிகத்தோ' என்னும் சொல்லும் அவ்வாறே. கிடைத்தற்கரியது என்பது அதன் பழம்பொருள் எனக் கேட்டவுடன் 'அரிது' என்னும் நம் சொல் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே 'அரி' என்பதற்கு இருத்தல் என்று பொருள்; அருமையைக் குறிப்பது அதன்பின் மெலிந்து நிற்கும் 'கத்தை' என்னும் பகுதியே. தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டென்று பேராசிரியர் சுசுமு ஓனோ பல்லாண்டுகள் ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து உழைத்தனர். அக்கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வழக்கைத் தீர்ப்பது அறிஞர் கடன். கற்பவன் ஒப்புமையை நினைவுக்கு ஒரு கொளுகொம்பாகக் கொள்ளலாமேயன்றிச் சான்றாகக் கொள்ளலாகாது.

இனி, தமிழாக்கிக்கொண்டால் என்ன என்னும் வினா. பாடநூலுக்குக் கலைச்சொல் ஆக்குவதில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. ஆயினும் களத்திற் பயிலும் கலையின் நிலை வேறு. சிலம்பத்திலே 'வீடு கட்டுதல்' என்று ஒரு வழக்கு உண்டு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒரு யப்பானியரிடம் கூறினால் அவர் கல்லையும் மரத்தையும் தேடுவாரேயன்றிக் காலடி வரிசையை எண்ணார். எங்கள் உழவரும் சூடடிக்கும் களத்திற்கெனச் சில சொற்களைப் போற்றிவந்தனர். அங்கே குவிந்த நெல்லைப் 'பொலி' என்பர். வீட்டில் வழங்கும் சொல்லை விடுத்துக் களத்துச் சொல்லை எடுக்கும்போதே உழைப்புக்கு ஒரு மதிப்புப் பிறக்கின்றது. அன்றியும், டோக்கியோவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் இருவர் ஒரே களத்திற் சந்தித்தால், அவர்களை இணைப்பது இப்பொதுச் சொற்களே. ஆகவே களத்திலே யப்பானியச் சொல் நிற்கட்டும். குறிப்பேட்டிலே அதன் அருகில் தமிழ்ப் பொருள் நிற்கட்டும். ஒன்று வாய்க்கு, மற்றது அறிவுக்கு.

பொருளறியாது சொல்லை வாங்குவதால் வரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகின்றேன். பயிற்சியில் இருவர் இணைகின்றனர். எறிபவர் 'நகெ', மற்றவர் 'உக்கெ'. புதிதாக வந்த இளைஞன், நகெ வென்றவன் என்றும் உக்கெ தோற்றவன் என்றும் எண்ணிக்கொள்கின்றான். தோற்பதற்கு எவன் உடன்படுவான்? அவன் கையை விறைப்பாக்கி, வீழமாட்டேன் என்று எதிர்த்து நிற்கின்றான். அதனால் மணிக்கட்டும் தோளும் நோகின்றன. சிலவேளை மூட்டே பிசகிவிடுகின்றது. உக்கெ என்பது 'ஏற்றல்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. அவன் ஏற்பவன். முதலில் தாக்குதலைத் தருபவனும் அவனே; பின்னர் எறிதலை உடலில் வாங்கி, உருண்டு, தீங்கின்றி எழுபவனும் அவனே. சற்றுநேரத்தில் இருவரும் இடம் மாறுகின்றனர். வீழ்ந்து எழும் பயிற்சியாகிய உக்கெமியைத் தொடக்கத்திலேயே கற்பிப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரு சொல்லின் பொருளை உள்ளவாறு அறிந்திருந்தால் அவ்விளைஞனின் மணிக்கட்டு நோவாது, உள்ளமும் சிறுமையுறாது.

வன்னி மண்ணில் நின்று இதனைக் கூறும்போது என் நெஞ்சில் வேறோர் எண்ணமும் எழுகின்றது. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தது. வென்றவர், தோற்றவர் என்னும் இரண்டு சொற்களையே கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று எங்களிடம் உண்டு. வீழ்தலுக்கும் தோற்றலுக்கும் வேறுபாடுண்டு என்பதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்டுவிட்டுப் போய்விடுவர். ஒரு கலையின் வழியாக உடலே அதனைக் கற்றுக்கொள்ளுமாயின், அக்கல்வி எளிதில் அழியாது. மல்லுக்கு நிற்கும் இருவர் தொடக்கத்தில் ஒருவரையொருவர் வணங்கி 'வேண்டுகின்றேன்' எனப் பொருள்படும் சொல்லைக் கூறுவதும், முடிவில் இறந்தகால வடிவில் நன்றி கூறுவதும் வெறுஞ் சடங்கல்ல. நீ உன் உடலை என்னை நம்பி ஒப்படைத்தாய், அதற்கு நன்றி என்பதே அதன் கருத்து. ஒலியை மட்டும் ஒப்பிப்பவனுக்கு இக்கருத்து எட்டாது.

ஆகவே, இக்கலைகளைப் பயிலும் இளைஞர்களுக்கும் பயிற்றும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. நாளொன்றுக்கு இரண்டு பகுதிகளுக்குமேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, அவ்வசைவை உடலாற் செய்து, பொருளைத் தமிழில் எழுதுங்கள். குறில் எது, நெடில் எது, இரட்டித்தது எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு புதுப்பெயரைக் கூறினால், வெட்கமின்றி அதன் பிரிவையும் பொருளையும் கேளுங்கள். 'சென்செய்' என அவர்கள் ஆசிரியரை அழைப்பதற்கு, முன்னே பிறந்தவர் என்பது பொருள். முன்னே பிறந்தவர் பின்னே வந்தவனுக்கு வழிசொல்லக் கடமைப்பட்டவரன்றோ? ஆதலின் கேட்பதில் தவறொன்றும் இல்லை.