கோழி சாப்பிடாதவருக்குக் கவலையில்லையா?

(விமான் நகரில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 ஜனவரியில் நம் புனேயில் ஜி.பி.எஸ். என்கிற கில்லன் பாரே சிண்ட்ரோம் பலரைத் தாக்கியது நினைவிருக்கும். அப்போது வாட்ஸ்அப்பில் நம்மவர்களிடையே ஒரு செய்தி சுற்றியது: “இது கோழிக்கறியால் வருவது. சைவர்களுக்குக் கவலையில்லை.” கீழே, “பெரிய டாக்டர் சொன்னது.” எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குச் சொன்னார்? ஒன்றும் கிடையாது.

இதில் விஷமம் என்னவென்றால், பாதி உண்மை. நோயாளிகள் சிலரின் மலப் பரிசோதனையில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இருந்ததை இங்குள்ள தேசிய வைராலஜி நிலையம் கண்டறிந்தது. சரியாக வேகாத கோழிக்கறியில் அது இருக்கலாம். அசுத்தமான குடிநீரிலும் இருக்கலாம்! நோயாளிகள் அதிகம் இருந்த சின்ஹகட் ரோடு, கிர்கட்வாடி பக்கத்தில் அதிகாரிகள் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். தண்ணீருக்குச் சைவம், அசைவம் தெரியுமா?

இந்நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் கால் மரத்து, பலமிழந்து, பலவீனம் மெல்ல மேலே ஏறும். சிலருக்கு மூச்சு விடுவதே சிரமமாகி வென்டிலேட்டர் வைக்க நேரிடும். இம்யூனோகுளோபுலின் சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ‘நாம்தான் சைவமாச்சே, வயசானால் கால் இப்படித்தான்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் வீணாகும்.

ஆகவே மருத்துவச் செய்தி எது வந்தாலும் நான் முதலில் தேடுவது பெயரும் தேதியும். பெயர் இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம். தேதியில்லாத செய்தி மூன்று வருஷம் கழித்தும் புதுசு போல வந்து நிற்கும். சொல்பவர் கூடவே ஏதாவது லேகியம் விற்கிறாரா என்றும் பார்ப்பேன்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இன்னொன்று: “வேறு எந்த வழியாகவும் இது வராதா?” கோழிச் செய்தி தோற்றது இந்தக் கேள்வியில்தான். பயமுறுத்தும் செய்தியைக்கூட நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆறுதல் செய்தியை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. உடனே அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பியாகிவிடுகிறது!

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தங்களுக்கு வந்த மருத்துவச் செய்தி ஒன்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். கேள்விகளைக் கேட்டு, சேர்ந்தே பிரித்துப் பார்க்கலாம். மாமிகள் அவசியம் வரவேண்டும்.